எது மாதிரி வலிக்குது?

"மேல் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல். பிடுங்கிடுங்க டாக்டர்."

வந்தவர் ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்தார். துணைக்கு வந்த மனைவி பக்கத்தில் நின்றாள்.

"எப்படி வலிக்குது?" என்றார் பல் டாக்டர்.

"ரொம்ப வலிக்குது."

"வலிக்காம இங்க யார் வரப்போறாங்க? எது மாதிரி வலிக்குதுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் உதவி ஆசிரியரின் பார்வை மேஜைக்குப் போனது. அதில் நாலு தாள், நாலிலும் சிவப்பு மைக் கோடுகள். ஓரத்தில் இருந்த கையெழுத்து அவருடையதேதான். வலியோடு பயமும் சேர்ந்துகொண்டது.

போன வாரம் தபாலில் ஒரு கதை வந்திருந்தது. எழுதியவர் பல் டாக்டர் என்பது இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. பக்கத்துக்கு மூன்று உவமை. 'மழை விட்ட தெரு, வாய் கொப்பளித்த மாதிரி பளிச்சென்று இருந்தது' என்று ஆரம்பம். இவர் அதை 'தெரு சுத்தமாக இருந்தது' என்று திருத்தினார். மிச்ச உவமைகளையும் ஒன்று விடாமல் அடித்துவிட்டு, 'எதையும் நேராகச் சொல்லப் பழகவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். சிவப்புப் பேனா கையில் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் திமிர் வரத்தான் செய்யும்.

இன்றைக்கு அவரிடமே வந்து மாட்டிக்கொண்டார், அதுவும் வாயைத் திறந்த நிலையில்.

"மாதிரியெல்லாம் எதுக்கு டாக்டர்? வலிக்குது, பிடுங்குங்க. அவ்வளவுதான்."

"எது மாதிரின்னு சொல்லாம நான் இடுக்கியைத் தொடமாட்டேன்."

மனைவிக்கு உள்ளூரச் சந்தோஷம். "நல்லாக் கேளுங்க டாக்டர். இருபது வருஷமா என்னையே எது மாதிரியும் இவர் சொன்னதில்ல."

"நீ சும்மா இரு."

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பல் யோசிக்க விடுமா? சுரீரென்று ஒரு இழுப்பு இழுத்தது. கொள்கை காற்றில் போனது.

"கதவிடுக்குல விரல் மாட்டின மாதிரி இருக்கு."

"மாட்டும்போதா, எடுக்கும்போதா?"

உதவி ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். "எடுக்கும்போது. கடிக்கிறப்ப ஒண்ணும் தெரியல. கடிச்சதை விடுறப்பதான் உயிர் போகுது."

"ம். அப்புறம்?"

"அப்புறம் என்ன, காது வரைக்கும் ஏறுது. கீழ் வீட்டுல யாராவது பாலைத் தீய விட்டா மாடி வீடெல்லாம் புகையா வருமே, அந்த மாதிரி. போதுமா?"

"இவருக்கு இதெல்லாம் வருமா?" என்று அசந்துபோனாள் மனைவி.

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து விளக்கை இழுத்துக் கீழ் வரிசையில் காட்டினார். கீழ்ப் பல் ஒன்றின் மேல் சின்னக் குச்சியை வைத்தார்.

"கடிங்க. இப்ப விடுங்க."

அலறல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது. இரண்டு பேர் மெல்ல எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மேல் பல்லைத் தட்டிப் பார்த்தார். அதில் வலியே இல்லை. படமும் எடுத்துப் பார்த்தார்.

"கீழ்ப் பல்லுல மயிரிழை விரிசல் சார். வலி மட்டும்தான் மேல போய்க் காட்டுது. உறை மாதிரி ஒரு கேப் போட்டாப் பிழைச்சுக்கும். நீங்க பிடுங்கச் சொன்ன மேல் பல் கெட்டியா இருக்கு, ஒரு குறையும் இல்ல."

ஊசி போட்டதும் வலி அடங்கியது. வெட்கம் மட்டும் அடங்கவில்லை. உதவி ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பா நினைச்சுட்டேன் டாக்டர். உங்க கதையில கை வச்சதுக்குப் பழி வாங்குறீங்கன்னு..."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"பழி வாங்கணும்னா, நீங்க நேராச் சொன்னதைக் கேட்டு அந்த மேல் பல்லையே பிடுங்கியிருப்பேனே சார்."