திரை போட்ட வீடு

கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது. உள்ளே காலை வைத்ததும் பூனைக்கு உடம்பு சிலிர்த்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இங்கே பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

தொழில் வட்டாரத்தில் அவன் பெயர் பூனை. அவன் நடந்தால் அவன் நிழலுக்கே தெரியாது என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் இரண்டு முறை பிடிபட்டு உள்ளே போய்விட்டு வந்தது எப்படி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

இந்த முறை மாட்டினால் கதை கந்தல். "இன்னொரு தடவை உள்ளே போனீங்க, இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. பிள்ளை மூஞ்சியையும் மறந்துடுங்க" என்று பெண்டாட்டி கண்டித்துச் சொல்லிவிட்டாள். தினமும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். பாவம், அவளுக்குப் பயந்து ராத்திரித் தொழிலைப் பகல் தொழிலாக மாற்றிக்கொண்டான்.

பகலில் ஆளில்லாத வீடாகப் பார்க்க வேண்டுமே என்று அலைந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. ஒரு வாரமாகத் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நோட்டம் விட்டான். காலையில் பார்த்தாலும் மத்தியானம் பார்த்தாலும் ஜன்னல் கதவுகள் அடைத்தே கிடந்தன. ஒரு தடவை கிட்டே போய் இடுக்கு வழியே பார்த்தால் உள்ளே கனத்த திரை வேறு. குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினான்.

ஜன்னலுக்கு நேர் எதிரே தையல் கடை. அங்கே நாலைந்து மெஷின்கள் ஓயாமல் கடகடத்துக் கொண்டிருந்தன. இங்கே அண்டா உருண்டாலும் யார் காதிலும் விழாது.

படுக்கையறை இருட்டில் தடவித் தடவி பீரோவைக் கண்டுபிடித்தான். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"உடைக்காதீங்க. சாவி தலகாணிக்கு அடியில இருக்கு."

பூனை துள்ளிக் குதித்தான். திரும்பினான். கட்டிலோரம் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை.

"நீங்க ஊருக்குப் போகலை?" என்று வாய் தவறிக் கேட்டான்.

"எந்த ஊருக்கு?"

சட்டென்று தொழில் ஞாபகம் வந்து ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். "கத்தினே, நடக்கிறதே வேற!"

"கத்தமாட்டேண்ணே. அவரு விடிகாலையிலேயே வேலைக்குப் போயிட்டாரு, நான் தனியாத்தான் இருக்கேன். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. பிள்ளையை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"நான் ஏம்மா பிள்ளையைத் தொடப்போறேன்? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு." அவனுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது.

சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தான். நகைப்பெட்டி கைக்கு எட்டிய நேரத்தில் குழந்தை லேசாகச் சிணுங்கியது. அவள் பதறிப்போய் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

"அண்ணே, இவனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. ஒரே புழுக்கம். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

"புழுக்கமா? குளுகுளுன்னுதானே இருக்கு?"

"நமக்குச் சரி. பச்சைப் பிள்ளைக்குக் காத்து வேணாமா? நானே எழுந்து திறந்திருப்பேன், நீங்க சந்தேகப்படுவீங்க."

"திறந்ததும் தெருவைப் பார்த்துக் கத்துறதுக்கா?"

"கத்துறவளா இருந்தா இவ்வளவு நேரம் கத்தியிருக்க மாட்டேனா?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கால் நகரவில்லை. மறுபடி குழந்தை சிணுங்கியதும் தன் பிள்ளை ஜுரத்தில் கிடந்த நாள் நினைவுக்கு வந்து அவன் மனசு இளகிவிட்டது. சுவரோடு சுவராக ஒட்டி நின்று, கையை மட்டும் நீட்டி ஜன்னல் கதவைத் தள்ளினான்.

அனல் காற்று முகத்தில் அறைந்தது. அறை முழுக்க வெளிச்சம் கொட்டியது.

"இன்னும் நல்லா... திரையையும் முழுசா ஒதுக்குங்கண்ணே."

ஒதுக்கினான். ஓரக்கண்ணால் தெருவைப் பார்த்தான். ஈ காக்கை இல்லை. திருட வந்த இடத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றிய புண்ணியமும் சேர்ந்ததே என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

வளையல்களை அள்ளிப் பையில் போட்டான். சங்கிலியை எடுக்கும்போது என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். எதிரே ஒரு மெஷின்கூட ஓடவில்லை.

அவன் அசைவதற்குள் வாசல் கதவில் தடதடவென்று தட்டினார்கள். "கொல்லைப்பக்கம் ரெண்டு பேர் ஓடுங்கடா!" என்று ஒரு ஆண் குரல் கத்தியது. கொல்லையிலும் காலடிச் சத்தம் கேட்டது. பூனை ஓட எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தான். பெண்டாட்டி முகமும் பிள்ளை முகமும் கண் முன்னால் வந்து நின்றன.

"யாரைக் கூப்பிட்டே? போன் பண்ணினியா?"

"போன் அதோ மேஜை மேல கிடக்கு. நீங்களே பாருங்க."

"அப்புறம் எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுது?"

அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டப் போய் நின்றாள். அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த நடுக்கம் இப்போதுதான் அவள் குரலில் தெரிந்தது.

"வெயில் காலத்துல பொழுது சாயாம இந்த வீட்டு ஜன்னலை நாங்க திறக்கவே மாட்டோம்ணே."