மீட்டுப் பார்த்தது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊழியர்களின் பெயரும் கடவுச்சொல்லும் அடங்கிய டைரக்டரியின் பேக்கப்பை, அதாவது தினமும் எடுத்து வைக்கும் நகலை, ஒரு தனி சர்வரில் மீட்டுப் பார்ப்பது தேவசகாயத்தின் வேலை. பார்த்து முடித்ததும் மீட்டதை அழித்துவிட வேண்டும். எப்போதும் நேற்றைய பேக்கப்பைத்தான் எடுப்பான். இன்று இருப்பதிலேயே பழையதை எடுத்தான். பழைய பேக்கப்புகள் நாளுக்கு ஒன்றாகத் தானாகவே அழிந்துவிடும்; நாளைக்கு அதுவும் இருக்காது.

பட்டியல் வந்தது. பர்ச்சேஸ் பிரிவில் எஸ்தர் இருந்தாள், அவன் மனைவி. அவள் இறந்த பதினோராம் நாள், மேலிடம் சொன்னபடி அவள் பெயரை நீக்கியவனும் அவன்தான். அதற்கு முன்பே எடுத்த இந்தப் பட்டியலுக்கு அது தெரியாது. இதில் அவளுக்கு இன்டர்காம் எண் 214. இன்னும் வேலையில் இருக்கிறாள். கடவுச்சொல்தான் காலாவதியாகிவிட்டது, அடுத்தமுறை வரும்போது அவள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று காட்டியது.

"எல்லாம் சரியா வந்துருச்சா சார்?" பக்கத்து மேசையிலிருந்து ஷகிலா கேட்டாள்.

"வந்துருச்சும்மா."

"அப்ப அழிச்சிடலாமா?"

அவன் எஸ்தரின் பெயரைத் திறந்தான். 'கடவுச்சொல் ஒருபோதும் காலாவதியாகாது' என்ற கட்டத்தில் டிக் போட்டான். சேமித்தான். சேமித்துவிட்டதா என்று மறுபடி திறந்தும் பார்த்துக்கொண்டான்.

பிறகு, "அழிச்சிடும்மா" என்றான்.