மூன்று நாள் அப்சர்வேஷன்

சிஸ்டர் ஸ்டெல்லா வார்டுக்குள் நுழைந்ததும், மூன்றாம் நம்பர் கட்டிலில் இருந்த அமிர்தநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவள் ஓடி வந்து நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தாள்.

"இப்ப வலி குறையுதாய்யா?"

"குறையுதும்மா."

வலி என்று ஒன்று இருந்தால்தானே குறைவதற்கு. இல்லாத வலிக்குப் போட்ட அந்த மாத்திரையால் தலைதான் விண் விண்ணென்று தெறித்தது. செம்பூரில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமுக்கு அமிர்தநாதன் வந்தது வைத்தியத்துக்கு அல்ல, பெண் பார்க்க.

தாராவிக் கோவில் உபதேசியார் மரியஅந்தோணி சொன்ன வரன் இது. பெண் அங்கே நர்சு, குடும்பம் டோம்பிவிலியில், உங்கள் ஞானராஜுக்கு நல்ல பொருத்தம் என்றார். அமிர்தநாதனோ ஏற்கெனவே இரண்டு இடத்தில் சூடு பட்டவர். காபித் தட்டோடு வந்து நிற்கும்போது எல்லாப் பெண்ணும் தங்கம்தான், கோவிலில் கல்யாண ஓலை எழுதப் போகும்போதுதான் அந்த வீட்டு வாய் நீளம் தெரிகிறது. மகனுக்கு முப்பது முடிந்துவிட்டது. இதுவும் தவறினால் கல்யாணமே வேண்டாம் என்று அவன் சொல்லிவிடுவானோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

எனவே, பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணைப் பார்ப்பது என்று தீர்மானித்தார். உபதேசியார் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார். டாக்டர் ஜகந்நாதன் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, எதற்கும் மூன்று நாள் அப்சர்வேஷனில் இருக்கட்டும் என்று எழுதினார்.

அன்று சாயங்காலமே நாலாம் நம்பர் கட்டிலுக்கும் ஆள் வந்துவிட்டது. அவருக்கும் நெஞ்சு வலி, அவரும் திருநெல்வேலிப் பக்கம். அந்த வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். மூணுக்கும் நாலுக்கும் ஒரே நாளில் சிநேகம் ஆகிவிட்டது.

அமிர்தநாதன் படுத்தபடியே ஸ்டெல்லாவுக்கு மார்க் போட்டார். ஒன்றாம் நம்பர் மராத்திக் கிழவர் அவள் மேலேயே வாந்தி எடுத்தார், அவள் முகம் சுளிக்கவில்லை. இரண்டாம் நம்பர் சேட்டு தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த படாடா வடாவை மோப்பம் பிடித்து எடுத்து, இந்தியில் அவரை ஒரு பிடி பிடித்தாள். பொறுமையும் உண்டு, கண்டிப்பும் உண்டு. நம் வீட்டுக்கு இரண்டும் வேண்டும் என்று அமிர்தநாதன் நினைத்துக்கொண்டார்.

ஞானராஜுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், நிஜமாகவே பயந்து போயிருந்தான். வி.டி.யில் ஆபீஸ் விட்டதும் ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு ஓடி வருவான், கால் பிடித்து விடுவான், அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியை ஊட்டுவான். பெற்ற மகனை ஏமாற்றுகிறோமே என்று அப்போதுதான் அவருக்கு உண்மையாக நெஞ்சு வலித்தது.

நாலாம் நம்பரைப் பார்க்க ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. இருந்தும் அந்த மனுஷர் ஐந்து மணி ஆனால் முகம் கழுவி, தலை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து மனசு கேட்காமல் ஞானராஜ் அவருக்கும் ஒரு மோசம்பி உரித்துக் கொடுத்தான்.

அவன் போன பிறகு நாலு, மூணின் பக்கம் திரும்பிப் படுத்தார். பையனுக்கு என்ன சம்பளம், யாரோடு சேருகிறான், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச ஆள் இல்லாதவர் என்று அமிர்தநாதனும் வாய் சலிக்காமல் பதில் சொன்னார்.

"கெட்ட பழக்கம் ஏதும் உண்டுமா அண்ணாச்சி?"

"சிகரெட்டு மட்டும் உண்டு. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

நாலு தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்தார். இருதயம் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது, இன்றே வீட்டுக்குப் போகலாம், நிஜமான கேஸ் இரண்டு கீழே இடம் இல்லாமல் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தநாதனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த காரியம் ஜெயித்த சந்தோஷம் வெட்கத்தை அமுக்கிவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வாய் வெடித்துவிடும் போலிருக்க, பக்கத்துக் கட்டில் பக்கம் குனிந்தார்.

"எனக்கு ஒரு வலியும் கெடையாது அண்ணாச்சி. இந்த சிஸ்டர எம் மவனுக்குப் பாக்கத்தான் வந்து படுத்தேன். முடிவு பண்ணியாச்சு, இவதான் எம் மருமவ."

நாலு சிரிக்கவில்லை. பெண் வீட்டார் சம்மதிக்க வேண்டுமே என்றார்.

"ஏன் சம்மதிக்க மாட்டாங்க? நாம வேவு பாத்தது அவங்களுக்குத் தெரியவா போவுது?"

அதற்குள் வாசலில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா புதுப் போர்வைகளோடு வேகமாக உள்ளே வந்தாள். பழக்கதோஷத்தில் அமிர்தநாதன் கை நெஞ்சுக்குப் போய், பிறகு ஞாபகம் வந்து கீழே இறங்கியது.

அவள் அவரைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தாள். பிறகு நேராக நாலாம் நம்பர் கட்டிலுக்குப் போய், போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"அப்பா, மாப்பிள்ளையப் பாத்தது போதும், நீங்களும் எந்திரிங்க."