முன்பு இருந்தது

நோயாளிகளின் கோப்புகளில் நோய்களைக் குறியீடாகப் பதியும் பாளையங்கோட்டை மெடிக்கல் கோடிங் அலுவலகத்தில் பெனிட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் கழுத்தில் புதிதாக வளர்த்த தைராய்டு முழுதாக வேலை செய்வதாக ரிப்போர்ட் வந்துவிட்டது. இனி அவள் கோப்பில் 'நோய் உண்டு' என்பதை 'முன்பு இருந்தது' என்று மாற்ற வேண்டியதுதான். தன் கோப்பைத் தானே தொடக்கூடாது என்பதால் பக்கத்து நாற்காலி நஸ்ரின் அதைத் திறந்தாள்.

"தைராய்டு மாத்திரை போடுற வரைக்கும் நோய் இருக்குன்னுதான் எழுதணும். நீங்க தினமும் எல்லாரையும் திட்டுற சட்டம்தானேக்கா. இன்னைக்குக் காலையில போட்டீங்களா?"

பெனிட்டாவுக்குப் பகீரென்றது. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார்தான். ஆனால் கண் திறக்கும் முன்பே டப்பாவைத் தேடிப் பழகிய கை அது. விழுங்கியிருந்தால் 'நோய் உண்டு' என்றே பதிந்து மூட வேண்டும்; கோப்பு இனி அடுத்த ஆண்டுதான் திறக்கும்.

"போட்டேனா இல்லையான்னு ஞாபகமே வரலையே, நஸ்ரின்."

"நல்லா யோசிங்க. எந்திரிச்சதும் என்ன செஞ்சீங்க?"

"எங்க வீட்டுக்காரரு காபி கொண்டாந்து நீட்டுனாரு. கட்டில்ல உக்காந்தே குடிச்சேன்."

சொல்லும்போதே அவள் குரல் உயர்ந்தது. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் தவிர வேறெதையும் அவள் வாயில் வைத்ததே கிடையாது.

"சுடச்சுடக் குடிச்சேன், நஸ்ரின்."

நஸ்ரின் 'முன்பு இருந்தது' என்று பதிந்தாள்.