கடைசி வரிசையில் இடம்

துபாயில் ஸ்காட்லாந்து விளையாட்டு விழா. மெக்டன்வி குலச் சங்கத்தின் கூடாரத்தில் ஜெகின், கட்டம் போட்ட கில்ட் பாவாடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டிருந்தான். சங்கத்தைத் தொடங்கிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பி ஆறு வருடமாகிறது. ஆள் போதாது என்று அவர் சேர்த்த குளச்சல்காரர்கள்தான் இன்றும் குலத்தைக் கட்டிக் காக்கிறார்கள்.

அணிவகுப்பில் தானும் வரலாமா என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து கேட்டார்.

"ரிகர்சலுக்கு வராதவங்கள எப்படிச் சேக்க?" என்றாள் செயலாளர் லிண்டா. "பங்குச் சாமியார்ட்ட லெட்டராவது வாங்கியிருக்காரான்னு கேளு."

ஜெகின் ஆங்கிலத்தில் கேட்டான். லெட்டர் இல்லை.

"சரி, வயசான மனுசன். கடைசி வரிசைல நிக்கட்டும்."

பெரியவர் நன்றி சொல்லிவிட்டு, ரோஜா மாலை தொங்கிய குலத்தலைவர் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். படத்துக்கு அடியில் எழுதியிருந்த அதே பெயர், அதே வளைந்த மூக்கு.

ஜெகின் பாஸ்போர்ட்டை லிண்டாவிடம் காட்டினான். "அக்கா, படத்துல இருக்கது இவருதான். பிரேம் போட்டிருந்ததால செத்துட்டாருன்னு நாமதான் நெனச்சோம்."

"இப்பம் வந்து சொன்னா எப்படி? இவருக்கு மவுன அஞ்சலின்னு நோட்டீஸ்ல அச்சடிச்சாச்சு."

லிண்டா மைக்கில் அறிவித்தாள். எல்லோரும் தலை குனிந்தார்கள். கடைசி வரிசையில் பெரியவரும் தொப்பியைக் கழற்றி, தனக்காக இரண்டு நிமிடம் மவுனமாக நின்றார்.