ஐந்தாவது டயர்

1935 அக்டோபர் 21, காலை ஏழு மணி. அந்த ஆண்டின் ஐந்தாவது டயரையும் தேறாது என்று சொல்லிவிட்டார் காசி மேஸ்திரி.

"பின் டயரு, சாயபு. ஓரத்துல கீறல் உழுந்துட்டுது. இத்தப் போட்டுக்கினு ஓட்டாதீங்க."

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருந்த அதாவுல்லா சாயபு தம் மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த டயரைப் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

முந்தின வருஷம் நாட்றம்பள்ளி ரோட்டில் டயர் வெடித்து விழுந்ததில் அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதிலிருந்து தினமும் காலையில் டயரைப் பார்ப்பது, ஷாப்பில் ஆட்களை வேலை வாங்குகிற காசியின் பொறுப்பு. காற்று சரியா, முள் ஏறியிருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது எல்லாம் பார்த்து, காசி தலையாட்டினால்தான் சாயபு வண்டியில் ஏறுவார்.

அதற்காகப் பத்து மாதத்தில் ஐந்து டயரா?

திருப்பத்தூரில் நெல் மண்டி வைத்திருந்த பஞ்சாட்சர முதலியாரிடமும் அதே வண்டிதான். அவர் டயர் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறதாம். நாலாவது டயர் போனபோது சாயபு அவரிடம் புலம்பினார். முதலியார் சிரித்தார்.

"நீங்க இன்னா, வண்டி ஓட்றீங்களா, ஏர் ஓட்றீங்களா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, மேஸ்திரிக்குக் கடையில் கமிஷன் இருக்கும், எதற்கும் விசாரியுங்கள் என்றார்.

சாயபு ரயிலேறி வேலூருக்கே போய் டயர் கடையில் கேட்டார். காசி என்று யாரையும் தெரியாது என்றார்கள். அப்படியானால் பழைய டயரை விற்கிறான் என்று நினைத்து, பஜாரில் சைக்கிள் கடை அப்துல் ஹமீதைக் கேட்டார். அவரிடம் ஒரு டயரும் வரவில்லை.

விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் ஜாஸ்தியானது. திருடினால் அது எங்கேயாவது தெரிய வேண்டாமா? காசியிடம் அதே ஒட்டுப் போட்ட சட்டை, அதே பீடி. சரி, வேறு யாருக்காவது செய்கிறார் என்றால், அவருக்கு வேண்டியவர் என்று ஷாப்பில் ஒருவரும் கிடையாது. சிரித்துப் பேசமாட்டார். தாமதமாக வருகிறவனை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்று காலை சாயபு தாமே குனிந்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார்.

தோலைத் தடவித் தரம் பிரித்துப் பிழைக்கிறவர் அவர். முள் கிழித்ததா, உண்ணி கடித்ததா, கத்தி பட்டதா என்று விரல் வைத்தாலே சொல்லிவிடுவார். இது கத்தி பட்டது. அதுவும், தோலில் ஒட்டியிருக்கிற சதையைச் சீவுகிற ஷாப்புக் கத்தி.

ஆக, காசியேதான். இன்றோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதென்று சாயபு தீர்மானித்தார். ஆனால் எதற்காக வெட்டினார் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

"சரி, கழட்டு" என்றார்.

காசி டயரைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ஷாப்பின் பின்பக்கம் நடந்தார். சற்று இடைவெளி விட்டுச் சாயபும் போனார்.

பின்பக்கம்தான் சுண்ணாம்புத் தொட்டிகள். முடி உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடுகிற இடம். நாற்றம் தாங்காமல் சாயபு அந்தப் பக்கம் வந்து வருஷக்கணக்காகிறது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தொட்டிகளைச் சுற்றிச் சுண்ணாம்புச் சேறு. சேறு முழுக்க அவருடைய டயரின் தடம்.

ஆனால் வண்டி அங்கே வந்ததே இல்லை.

அப்புறம்தான் ஆட்களின் கால்களைப் பார்த்தார். பாதிப் பேர் காலில் ரப்பர் செருப்பு. மீதிப் பேர் வெறுங்காலில் நின்று தோல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற சின்னசாமிக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

காசி திரும்பிப் பார்த்தார். டயரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தோல் செருப்பு இங்க நிக்காது, சாயபு. சுண்ணாம்பு தின்னுட்டுப் போய்டும். ரப்பருதான் நிக்குது. ஒரு டயருக்கு நாலு ஜோடி வர்து. இன்னிக்கு இந்த நாலு பேருக்கு. அப்பால இன்னும் எட்டுப் பேரு இருக்கறாங்க."

"என்னைக் கேக்கக் கூடாதா காசி?"

"கேட்டனே."

சாயபுக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொட்டி ஆட்களுக்கு ரப்பர் செருப்பு வேண்டுமென்று காசி கேட்டார். சாயபும் அதை ஷாப்பு முதலாளிகள் கூட்டத்தில் சொன்னார். ஒரு ஷாப்பில் கொடுத்தால் எல்லா ஷாப்பிலும் கேட்பார்கள், பெரிய பேஜாராகிவிடும், யாருமே கொடுக்கக் கூடாது என்று முடிவானது. கொடுக்க வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவரும் அவர்தான்.

ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரியின் சீட்டு கிழிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காசி இடுப்பிலிருந்த ஷாப்புச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

சாயபு அதை வாங்கவில்லை.

"நாளையிலிருந்து நீ டயரைப் பாக்க வேணாம். நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? காசி சற்றுநேரம் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு டயரை எடுத்துச் சின்னசாமியின் பாதத்தோடு வைத்து அளவு பார்த்தார்.

"பத்திரமாப் போட்டுக்கடா. இதோட சரி. இனிமே டயரு வராது."

1935 நவம்பர் 18, திங்கட்கிழமை. மழையால் மோட்டார் சைக்கிள் மூன்று வாரமாகக் கொட்டகையை விட்டு இறங்கவில்லை. அன்று காலை அதாவுல்லா சாயபு குனிந்து டயர்களைப் பார்த்து, முன்னதும் பின்னதும் தேய்ந்துவிட்டன என்று இரண்டையும் காசியைக் கழற்றச் சொன்னார்.