பதினோராவது மிடறு

பாரிசவாதம் வந்தபின் ஐந்து மாதங்களாகக் கெட்டிக் கஞ்சியே என் உணவு. விழுங்குதல் பற்றிய ஆய்வுக்காக வாவிக்கரையிலுள்ள என் வீட்டுக்கு வரும் டினுஷா, பத்துக் கரண்டி நீரைப் பத்தே மிடறுகளில் விழுங்கினால் இனித் தேநீர் அருந்தலாம் என்றாள். மிடறுகளை எண்ண என் கழுத்தில் ஒட்டிய கருவியோ மூன்று முறையும் பதினொன்று என்றே காட்டிற்று.

“சேர், எச்சில முழுங்காதீங்க எண்டு சொன்னன்தானே!”

“நான் முழுங்கல்ல, மகள்! உன்ட மெசினுக்குத்தான் வருத்தம்.”

அவள் கருவியைக் கழற்றி, காலஞ்சென்ற என் மனைவிக்கு நான் நாள்தோறும் ஊற்றிவைக்கும் தேநீர்க் கோப்பையருகே வைத்தாள். எண் பன்னிரண்டாயிற்று. கோப்பையில் தேநீர் சற்றே தாழ்ந்திருந்தது.

“நாற்பது வருசமும் இந்த அவசரந்தான்! சோதின முடியுமட்டும் பொறுக்க ஏலாதாகா, மார்கிறட்?” என்றேன்.

பதின்மூன்று.